பத்து மீட்டருக்கு ஒருமுறை

பனி உலர்ந்த பிறகுதான் தொடங்கலாம்.
ஈரத் துணியில் அவை ஏறுவதில்லை.
சாரெமா தீவில் ஜூன் மாதப் பனி
பத்து மணிவரை புல்லைவிட்டு இறங்காது.
காரிலேயே உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்றேன்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், வெள்ளை ஃபிளானல்.
முன்விளிம்பில் கழி, கழியில் கயிறு.
கடைத்தெருவில் அடம்பிடிக்கும் பிள்ளையைப்போல்
ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே
அதை இழுத்துக்கொண்டு போகிறேன்.
பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று
புரட்டிப் பார்க்கிறேன்.

உண்ணி என்று பெயர்.
இரண்டு மூன்று வருஷ வாழ்வில்
உண்பதோ மூன்றே முறை.
மிச்ச நாளெல்லாம் புல்நுனியில்
முன்னங்கால் இரண்டையும் விரித்துக்கொண்டு
யாருடைய மூச்சாவது வருமா என்று நிற்கும்.
இவ்வளவு பட்டினி கிடக்கிற ஒன்றுக்கு
யார் வைத்தார்கள் இந்தப் பெயரை?

இளசு நான்கு. பெண் ஒன்று. ஆண் இல்லை.
கசகசாவுக்குக் கால் முளைத்ததுபோன்ற
இந்த இளசுகள்தாம் கண்ணுக்குத் தப்புபவை.
இடுக்கியால் எடுத்து எரிசாராயக் குழாயில் போட்டு
சீட்டில் பென்சிலால் எழுதுகிறேன்.
பேனா மை கரைந்துவிடும்.

நான்காவது கோடு ஹெல்டூரின் மேய்ச்சல் நிலம்.
வேலியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
ஏழு வருஷம் முன்னால்
காய்ச்சல் வந்தது, போனது.
எட்டு நாள் நன்றாக இருந்தார், சவுனாவுக்கு விறகு பிளந்தார்.
ஒன்பதாம் நாள் மூளைக்குள் இறங்கியது.
இடது கை இன்னும் தோளிலிருந்து தொங்குகிறது.
முப்பது ஆட்டின் பெயரும் தெரியும்;
கரண்டிக்கு மட்டும்
'அந்த… அந்த…' என்பார்.

"எத்தனை?"
இருநூறு மீட்டர் முடிந்திருந்தது.
"ஒன்றுமில்லை."
"இருந்ததைத்தான் நான் எடுத்துக்கொண்டேனே"
என்று சிரித்தார்.

படிவத்தில் பூஜ்யம் போட்டேன், அழுத்தி.
பூஜ்யம் வேறு, வெறும் கட்டம் வேறு.
பூஜ்யம் என்றால் போனோம், இழுத்தோம், பார்த்தோம்.
வெறும் கட்டம் என்றால்
யாரும் வரவில்லை.
அவர் விழுந்த வருஷத்து வரைபடத்தில்
இந்த நிலம் வெள்ளையாக இருக்கிறது.
வரைந்தது நான்தான்.
அந்த மே மாதம் வண்டி பழுது,
இரண்டு கோடுகளை விட்டுவிட்டோம்.
எனக்கு ஊசி போட்டிருந்தது, வேலைக்குச் சேர்ந்த அன்றே.
அவரிடம் இதையெல்லாம் சொன்னதில்லை.
குழாய்ப் பெட்டியை மூடி, கையசைத்துவிட்டு வந்தேன்.

இரவு, முழங்காலின் பின்மடிப்பில் ஒன்று.
இன்னும் குடிக்கத் தொடங்கவில்லை.
துணியில் ஏறாதது கணக்கில் சேராது,
அதுதான் விதி.
இருந்தும் தனிக் குழாய் எடுத்தேன்.
நாள்: பதினொன்று. நிலை: இளசு.
இடம் என்ற கட்டத்தில்
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
ஹெல்டூரின் வேலியோரம் என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.