பத்துக்கு எத்தனை

பசி வந்தால் பத்தும் பறக்குமாம்.
என் படிவத்தில் பசிக்கே பத்துக் கட்டங்கள்.
"இன்னிக்கு எத்தனை, சந்தனசாமி அண்ணே?"
"ரெண்டு போட்டுக்கம்மா."
போன வாரமும் ரெண்டு.

குளுகோர் ஆய்வகத்தில்
எலிகளுக்குப் பலித்த மருந்து.
கூண்டுக் கம்பியைக் கடித்தன,
அவற்றிடம் யாரும் எண் கேட்கவில்லை.

இவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில்
நாற்பது டன் பெட்டியைப்
பூப்போல இறக்கியவர்.
இப்போது நாற்பத்தொரு கிலோ.
நுரையீரல் நோய் தின்கிறது,
அவர் தின்பதில்லை.

குப்பியில் இருப்பது மருந்தா, வெறும் மாவா?
அவருக்கும் தெரியாது.
எனக்கும் தெரியக்கூடாது.

ஒன்பதாம் வாரம்
தராசு முந்நூறு கிராம் கூட்டிக் காட்டியது.
நான் சிரித்துவிட்டேன்.
அவரால் தாங்க முடியவில்லை.
சட்டைப் பையிலிருந்து
கிரேன் நட்டு ஒன்றை எடுத்து
மேசையில் வைத்தார்.
"வாராவாரம் உன் மொகம் வாடுதேன்னு..."

மறுபடி ஏற்றினேன்.
நாற்பது புள்ளி ஒன்பது.
எழுதினேன்.

கிளம்பும்போது ஜன்னல் பக்கம்
மூக்கைத் திருப்பி நின்றார்.
கீழே கேண்டீனில் மீன் கொதிக்கிறது.
"அசாம் பெடாஸ்.
புளி பத்தாதும்மா."

அதை எந்தக் கட்டத்தில் போடுவது?