ஒன்பதடி ஓர் அங்குலம்

மீப்பிலிமானவில் காலையிலிருந்தே மழை.
விதைக்கிழங்கு வைத்திருந்த அறையில்
டேப்பின் ஒரு நுனியை லோகேஸ்வரன் பிடித்திருக்கிறார்,
மறு நுனி என்னிடம்.
நீளம் பத்தொன்பதடி நாலு அங்குலம்.
அகலம், றாக்கையின் முகப்பு வரை, பதின்மூன்று.
எந்த அறையையும் காம்பராவால் வகுத்துப் பார்ப்பது என் பழக்கம்.
பத்துக்குப் பன்னிரண்டு ஒரு காம்பரா.
இது இரண்டும் கொஞ்சமும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

"வருசத்துல எட்டு மாசம் மழை, மிச்சம் பனி.
நான் எப்ப பாஸ் வெளையாடுறது?"
லீக்ஸிலும் கரட்டிலும் லொறி லொறியாய்ச் சம்பாதித்தவர்.
ஐம்பத்திரண்டு வயதில் கோல்ஃப் பிடித்துக்கொண்டது,
சளி பிடிப்பது போல.

திரை இந்தப் பக்கம்.
திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓரடி விட வேண்டும்,
இல்லையென்றால் பந்து சுவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்.
திரையிலிருந்து பந்துக்குப் பத்தடி.
பந்துக்குப் பின்னால் ஏழடி,
ஆளுக்கும் ஆளின் கோபத்துக்கும்.
மிச்சம் கதவு திறக்க.
புரொஜெக்டர், தலை நிழல் திரையில் விழாத உயரத்தில்.
அவர் கண்ணுக்கு இப்போதே புல்வெளி தெரிகிறது.
எனக்குத் தெரிவது ஈரம் ஊறிய சுவர்,
இன்னும் போகாத கிழங்கு வாசம்,
சீலிங்.

சீலிங்தான் சிக்கல்.
ஆள் ஆறடி ஓர் அங்குலம்.
தும்புத்தடிக் கம்பை ட்ரைவர் நீளத்துக்கு வெட்டி
நுனியில் ஒரு துண்டு சோக் கட்டிக் கொடுத்தேன்.
"மெதுவா சுத்துங்க, பாயாசம் கிண்டுற மாதிரி."
பலகையில் ஒரு வெள்ளைப் பிறை விழுந்தது.
இரண்டாம் தடவை சோக் உடைந்து
அவர் சட்டைக்குள் போனது.
கூரையை உயர்த்தினால் கைமரம் முழுக்கக் கழற்ற வேண்டும்.
தரையைத் தோண்டினால்
கீழே பாறையா களியா, தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

பிளேன்டியோடு வந்த சாந்தரூபி
தட்டை ஒரு கிழங்குப் பெட்டி மேல் வைத்துவிட்டு
"இங்க தாங்க" என்று கம்பை வாங்கினார்.
இடது கை.
அது இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை,
அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
பின்னால் போன கம்பு றாக்கையில் டொக்கென்று பட்டது.
"அப்ப நான் எங்க நிக்கிறது?"

பந்தை ஓரமாய்த் தள்ளி வைத்த என் கணக்கு
அங்கேயே கலைந்தது.
இருவருக்கும் என்றால் பந்து நட்டநடுவில்.
நடுவில் என்றால் றாக்கை போக வேண்டும்.
றாக்கையில் போன போகத்துக் கணக்குக் கொப்பிகள்,
மருந்தடிக்கும் டாங்கி, ஒற்றைக் கால் சப்பாத்து.
"இதெல்லாம் எங்க வைக்கிறது?"
"ஒங்க ஆபீஸ்ல."
மறுபடி சுற்றினார். சீலிங்கில் கோடு விழவில்லை.
இடுப்பு திரும்பிய விதத்தைப் பார்த்தேன்.
நுவரெலியா மைதானத்தில்
பதினொரு வருசம் பை சுமந்தவன் நான்,
கேட்டால் சொல்லியிருப்பேன்,
பந்து அந்த அம்மாவுக்குத்தான் நேரே போகும் என்று.
கேட்கவில்லை.

றாக்கை வாக்குவாதம் பெரிய வீட்டுக்குள் போனது.
பிளேன்டி ஆறிக்கொண்டிருந்தது.
தோளில் பை, கையில் கொடி,
அந்தப் பதினொரு வருசத்தில்
சுற்றிப் பார்க்கக் கை மிச்சம் இருந்ததில்லை.

கதவைச் சாத்தினேன்.
கம்பை எடுத்து நடுவில் நின்றேன்.
நான் ஐந்தடி நாலு.
முழு வீச்சு.
நுனிக்கும் சீலிங்குக்கும் நடுவே நாலு விரல்.
இன்னொன்று, இன்னும் வேகமாய்.
நாலு விரல்.
இந்த அறை இப்படியே எனக்குச் சரியாக இருந்தது.

பிறகு சிமெந்துப் பையின் உட்பக்கத் தாளில்
பென்சிலால் எழுதினேன்:
றாக்கை கழற்ற வேண்டும்.
தரை ஒன்பது அங்குலம் தோண்ட வேண்டும்.
ஊறும் தண்ணீருக்குப் பீலி தனி.
வேலை தொடக்கம், மழை விட்ட பிறகு.