பாஸ் அப்

கெம்பல் ஸ்திரீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே
செவ்வாய் இரவு வகுப்பு.
மிஸ் கூ பலகையில் இரண்டு சொல் எழுதினார்:
பாஸ் அப்.

மேலே ஏறிப் போவதா என்று கேட்டேன்.
இல்லையாம். வந்ததை எடுக்காமல் விடுவதாம்.

அப்படியானால் போன வாரம் படித்த டர்ன் டவுன்?
அதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.
அவர் கேட்க வேண்டும், நாம் வேண்டாமென்று சொல்ல வேண்டும்.
இதற்கு யாரும் தேவையில்லை,
சும்மா இருந்தாலே போதும்.

ஒன்று கீழே போகிறது, ஒன்று மேலே.
கை இரண்டிலும் காலி.

இரண்டாம் வரிசை ஃபைசல் எழுந்தான்.
ஓசிச் சோற்றை அவன் ஒருநாளும் பாஸ் அப் செய்ததில்லையாம்.
சிரிப்பு அடங்கியதும் மிஸ் கூ சொன்னார்:
சரியான வாக்கியம். இந்தச் சொல் பாதி நேரம்
'கூடாது' என்பதோடுதான் வரும். எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடமும் ஒன்று இருந்தது.

பாயான் லெப்பாஸ் கம்பெனி
அயர்லாந்துக்கு ஐந்து பேரை அனுப்பிய வருடம்
பாரத்தில் என் பெயரை மேனேஜரே எழுதி
கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
அந்த வாரம்தான் ஹோண்டா கப்பின் கடைசித் தவணை முடிந்திருந்தது.
வேலை விட்டதும் பாலத்தில் ஏறுவேன்.
பட்டர்வொர்த்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது.
ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டுத் திரும்புவேன்.
வெள்ளியும் அப்படித்தான்.
நடுப்பாலத்தில் காற்று ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தது,
நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போனேன்.

கேட்டவர்களிடம் குளிர் ஒத்துக்காது என்றேன்.
தவறவிட்டுட்டியே அம்சவல்லி, என்றாள் அக்கா.
தமிழில் வாயைத் திறந்தால்
தவறு முதலில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது.
நழுவவிட்டாய் என்றால் கையில் எண்ணெய்,
தட்டிக்கழித்தாய் என்றால் உடம்பில் வணக்கமில்லை.
இந்த இங்கிலீஷ் சொல்லில் ஒன்றும் உடையவில்லை.
பஸ் வருகிறது. நிறுத்தத்தில் நிற்கிறேன்.
கை காட்டவில்லை, அவ்வளவுதான்.

எழுந்து சொன்னேன்:
ஐ பாஸ்டு அப் அயர்லாந்து.

மிஸ் கூ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
வெறும் நாடு போதாது, 'போகும் வாய்ப்பை' என்று சேர்.
அப்புறம் காலம்.
அது அன்றோடு முடிந்ததா, இன்னும் கூடவே வருகிறதா?
வருகிறதென்றால் 'ஹேவ்' போட வேண்டும்.

கீழே கடைக்காரர் ஷட்டரை இழுத்தார்.
ஹோண்டாவை விற்றுப் பதினோரு வருடம்.
எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அடுத்த ஆள் சொல்லட்டும் மிஸ், என்றேன்.