வேலிக்குப் போன பதினாலு

பாசிக்குடாவில் ஆரோ தலைவைக்கப்போகும்
எண்பது தலையணை உறை.
பேத்தாழையில், கோழிக்கூட்டை ஒட்டிய அறையில்
நான் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
என் அயன் பெட்டியின் சிவப்புக் கண் அணைவதேயில்லை.
சூடு போதும் என்று
அது ஒருநாளும் சொன்னதில்லை.

கறண்ட் என்னுடையதில்லை.
தவநேசம் வீட்டிலிருந்து
கிளுவை வேலிவழி, மூன்று வளவு தாண்டி,
நாலு முடிச்சோடு வருகிறது
ஒரு மெல்லிய இரட்டைக் கம்பியில்.
நம்பிக்கைக்கு ஒரு மீற்றர் போதும்.
நாங்கள் இரண்டு வாங்கினோம்:
அவள் சுவரில் ஒன்று, என் சுவரில் ஒன்று.

மாதக் கடைசியில்
அவளுடையது நூற்றுப் பதினாலு என்றது.
என்னுடையது நூறு.
"கள்ள மீற்றர்" என்றாள்.
கள்ளி என்று நான் சொல்லவில்லை, நினைத்தேன்.
வேலிக்கு அங்கால அவளும்
அதே சொல்லைத்தான் நினைத்திருப்பாள்.

ஓட்டமாவடி ஜுனைதீனின் கடையில்
ஒருநாள் வாடகைக்குக் கவ்வுமானி எடுத்தேன்.
பெட்டி சுடும்போது
அவள் சுவரில் இருநூற்று இருபத்தெட்டு வோல்ற்.
என் சுவரில் இருநூறு.
கம்பியில் நாலு அம்பியர்,
அங்கேயும் நாலு, இங்கேயும் நாலு.
மூன்று தரம் பார்த்தேன்.
ஓட்டத்தில் ஒரு துளியும் களவு போகவில்லை.
போனது அழுத்தம்.

சலவைத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.
இருநூற்றை நாலால் வகுக்க ஐம்பது ஓம்: அது பெட்டி.
பெருக்க எண்ணூறு வாற்: அது என் சோறு.
மிச்சம் இருபத்தெட்டு.
வகுத்தேன். ஏழு ஓம்.
இவ்வளவு காலமும் பெயரில்லாமல் கிடந்த ஒன்றுக்குப்
பெயர் வைத்ததுபோல இருந்தது.
பெருக்கினேன். நூற்றுப் பன்னிரண்டு வாற்,
ஒரு துணியையும் தொடாதது.

வகுத்தால் எவ்வளவு மறிக்கிறது,
பெருக்கினால் எவ்வளவு எரிகிறது.
சாதாரண தரப் பரீட்சையில்
இதை மாற்றி எழுதி ஆறு புள்ளி விட்டவள் நான்.

நாளுக்கு ஐந்து மணித்தியாலம், இருபத்தைந்து நாள்.
எனக்கு நூறு அலகு.
வேலிக்குப் பதினாலு.
இரண்டு மீற்றரும் பொய் சொல்லவில்லை.
பொய் சொல்லாத இரண்டு பேர்
பத்து நாளாய்ப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

துண்டோடு போனேன்.
தவநேசம் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
கணக்கைப் பார்க்கவில்லை,
என்னைத்தான் பார்த்தாள்.
"அப்ப அந்தப் பதினாலுக்கு ஆரு காசு கட்டுற?"

அதற்குச் சூத்திரம் இல்லை.
கம்பி நான் வாங்கியது.
முடிச்சு அவள் புருசன் போட்டது.
நடு வளவின் வேலி
கனடாவில் இருக்கும் ஆரோ ஒருவருடையது.

மெயினை நிற்பாட்டிவிட்டு
வேலியோரம் நடந்தோம்,
முன்னுக்கு அவள், பின்னுக்கு நான்.
முதல் முடிச்சு இளஞ்சூடு.
இரண்டாவதும் அப்படித்தான்.
மூன்றாவதில் நாடா உருகிப் பிசுபிசுத்தது.
செதில் ஒட்டிய புறங்கையை வைத்தாள்,
வெடுக்கென்று எடுத்தாள்.

"இந்தா கிடக்கு உன்ட பதினாலு."

"நம்மட" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கையை ஊதிக்கொண்டே
நாலாவது முடிச்சை நோக்கி நடந்தாள்.
ஐந்து மணிக்கு வேன் வரும்.
இன்னும் இருபத்துமூன்று உறை
சுருங்கியபடி கிடக்கிறது.