நடு வட்டம்

ஹ்யால்டி பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால்
மூன்று வட்டம் போட்டிருந்தான்.
முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நாற்பத்துநாலு.
"எதில் நிற்கிறாய், நில்லு" என்றான்,
பாண்டி ஆடக் கூப்பிடுகிறவன் மாதிரி.

முப்பத்தைந்து அங்குலம் என்றால் எதையும் அறுக்க வேண்டாம்.
ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் மட்டும்
லேசாக உரசும்,
புதுச் செருப்பு குதிகாலைக் கடிப்பதுபோல.
நாற்பத்துநாலு என்றால்
அச்சை மாற்று, பல்சக்கரத்தை மாற்று, பிரேக்கை மாற்று,
கடைசியில் வங்கியை மாற்று.
அது குடிக்கும் டீசலில்
ஹூசாவிக் பங்க்குக்காரர் இன்னொரு படகு வாங்கிவிடுவார்.

நான் கால்நடை மருத்துவர்.
மற்றவர்கள் வேட்டைக்கும் பனியாற்றில் படம் பிடிக்கவும் கேட்பதை
நான் ஒரு மேட்டைக் கடக்கக் கேட்டேன்.

போன மே மாதம்.
காலம் தப்பிக் கொட்டிய ஈரப் பனி.
பழைய முப்பத்தொன்றில்
ஸ்வார்த்தகில் பண்ணைக்குப் போகும் மேட்டுவெளியில்
வண்டி வயிறு தட்டி நின்றது.
நான்கு சக்கரமும் சுற்றின;
நான்கும் தமக்குத் தனித்தனிக் குழி தோண்டிக்கொண்டன.
மண்வெட்டியும் நானும் மூன்று மணி நேரம்.

போய்ச் சேர்ந்தபோது
தோர்கெல் லாயத்து விளக்கை அணைத்திருந்தார்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே.
குளம்பின் நுனியில்
தாயைக் கிழிக்காதிருக்க வளரும் அந்த மெத்தென்ற மஞ்சள் தோல்,
தேயாமல், அப்படியே.
"காபி இருக்கிறது" என்றார்.
பில்லைக் கேட்டார்.
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
எண்ணிக் கட்டினார்.

நடு வட்டத்தில் நின்றேன்.

அட்டைப்பெட்டியைக் கிழித்து, சக்கர வளைவில் ஒட்டி,
ஹ்யால்டி கோடு போட்டான்.
துரு தொடாத இடம் பார்த்துத்தான்
கோடு போகவேண்டியிருந்தது.
கிரைண்டர் கத்தியது. தீப்பொறி பறந்து
என் கம்பளிச் சட்டையில் ஏழு பொத்தல்.

மார்ச். தோர்கெல் வீட்டுப் பசு
கன்று போட்டுவிட்டு எழவில்லை.
அதே மேடு. பனி இம்முறை வேலிக்கம்பி உயரம்.
இறங்கினேன். வால்வு வால்வாகக்
காற்றைப் பிடுங்கினேன். இருபத்தைந்து, பத்து,
ஐந்து, மூன்று.
அசைபோடப் படுத்த மாட்டின் வயிறாக
டயர் பக்கவாட்டில் சரிந்தது.
இவ்வளவு பணம் கொட்டி வாங்கியது
காற்றை இறக்கத்தானா என்று
விரல் விறைக்க நின்று சிரித்தேன்.
ஆமாம், இதற்குத்தான்.
பனியின் மேல்தோடு முனகியது. முனகியதே தவிர
உடையவில்லை.
நடந்து போகிற வேகத்தில்,
தூங்கும் ஒருவர்மேல் போர்வை இழுப்பதுபோல,
மேட்டைக் கடந்தேன்.

கழுத்து நரம்பில் கால்சியம் ஏறி முடிந்ததும்
பசு ஏப்பம் விட்டது. அரைமணியில்
பின்னங்காலை ஊன்றி எழுந்து,
என் வாளியை உதைத்தது.

பில் எழுதும்போது பார்த்தேன்:
மீட்டர் முப்பத்துமூன்று என்றது.
பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும்;
மீட்டருக்குச் சுற்றை மட்டும்தான் எண்ணத் தெரியும்.
"முள் தொண்ணூறில் இருந்தால் நீ நூற்றுப்பத்தில் போகிறாய்,
போலீஸ் பிடிக்கும். அரைமணி வேலை,
சரிசெய்து தருகிறேன்" என்றான் ஹ்யால்டி.
அடுத்த வாரம் என்றேன்.
முள்ளுக்குப் பக்கத்தில் சரியான வேகத்தைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டிக்கொண்டேன்.
முப்பத்துமூன்று என்றே பில் அனுப்பினேன்.

தோர்கெல் போன் செய்தார்.
"பாதை சுருங்கிவிட்டதா?"
"டயர் பெரிது."
சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது,
அவருடையதா பசுவினுடையதா தெரியவில்லை.
"நாற்பத்தொன்று" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் வங்கிக்கணக்கில் இரண்டு வரவு.
முப்பத்துமூன்றுக்கு ஒன்று.
எட்டுக்குத் தனியாக இன்னொன்று,
குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரே சொல்லோடு:
காற்றுக்கு.