தேடுதல் கட்டணம்

டர்பனிலிருந்து வந்திருந்தார் டெல்மா கெங்கன்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கப்பல் சீட்டின் நகல்:
பெயர் கெங்கன். தகப்பன் பெயர் வடமலை.
வயது இருபத்திரண்டு. உயரம் ஐந்தடி இரண்டு.
ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம்.
இடது கணுக்காலில் தீத்தழும்பு.

ஊர்ப் பெயரைத்தான்
எழுதியவன் மென்று துப்பியிருந்தான்.
புத்தூரா, பாத்தூரா, பட்டூரா, புதூரா?
புதூர் என்றால் எந்தப் புதூர்?
பாலாற்றுக்கு இந்தப் பக்கமே ஐந்து இருக்கிறதம்மா.

'அ' பதிவேடு நிலம் உள்ளவனுக்கு.
இவன் பேர் எந்தச் சர்வே எண்ணிலும் இல்லை.
அடுத்தவன் சேற்றில் நின்ற கால்
தழும்போடு கப்பலேறிவிட்டது.

"உறவினர்: இல்லை" என்ற கட்டத்தில் விரல் வைத்தார்.
தம்பி ஒருத்தன் உண்டென்று
கரும்புத் தோட்டத்தில் கடைசிவரை சொன்னாராம்.
கடன்காரனுக்குப் பயந்து மறைத்திருப்பான், என்றேன்.
அப்படியானால் ஊரையும்?
அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மின்விசிறி நின்றுபோன மதியத்தில்
"விவரம் கிடைக்கவில்லை" என்று எழுதி
முத்திரை குத்தி நீட்டினேன்.
மை காயும்வரை ஊதினார்.
பிறகு அந்தச் சீட்டுக்குப் பின்னால்,
அதே உறைக்குள்,
மூலைகூட மடங்காமல் செருகிக்கொண்டார்.