தேனப்பன் இறந்த தேதி

காரைக்குடியில் ஓர் எவர்சில்வர் கடைக்கு மேல்மாடி.
கீழே குடம் விழும்போதெல்லாம்
என் கோடில் ஒரு புள்ளி தவறும்.

பள்ளத்தூர் வீட்டுக்கு நாற்பத்தொரு பங்கு.
ஓடு மாற்ற, கரண்ட் பில் கட்ட,
வாட்ச்மேன் சம்பளம் போட
யார் எவ்வளவு தரவேண்டும் என்று
சண்டையில்லாமல் சொல்ல ஒரு மென்பொருள்.
பதினெட்டாயிரம். பாதி முன்பணம்.

எளிதென்று நினைத்தேன்.
கல்லூரிப் பாடத்தில் வந்த சொல்தானே, மரபுரிமை.
தகப்பன் கிளாஸ், பிள்ளை கிளாஸ்.
இவர்களிடமோ வம்சாவளியே இருந்தது,
பழுப்புத் தாளில் ஏழு தலைமுறை.
அப்படியே தட்டினேன்:
வயிரவன் ஒரு கிளாஸ்.
அவனிடமிருந்து தேனப்பன்.
தேனப்பனிடமிருந்து மறுபடி ஒரு வயிரவன்,
ஐயா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள்.
தன் பேரனாகத் தானே பிறக்க முடியாது என்று
கம்பைலர் மறுத்தது.
பெயருக்குப் பின் ஒரு இரண்டு போட்டேன்.
வாயை மூடிக்கொண்டது.

சனிக்கிழமை தேனப்பன் வந்தார்,
திருச்சியில் இரும்புக்கடை, அறுபது வயது,
டீ கிளாசைக் கைக்குட்டையால் பிடித்திருந்தார்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.

பெயர்: தேனப்பன்.
தொழில்: வட்டிக்கடை, பினாங்கு.
நோய்: சர்க்கரை.
இறந்த தேதி: 14.3.1991.

பெயரை மட்டும்தான் நான் மாற்றியிருந்தேன்.
மாற்றி எழுதாத எல்லாம் மேலிருந்து வரும்,
நாலு பக்கக் கூரைத் தண்ணீரும்
வளவில் வந்து விழுவதுபோல.
கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

டீயைக் கீழே வைத்தார்.
"செத்தவன் ஓட்டுக்குப் பணம் தரணுமா?"

நான் எழுந்தே விட்டேன்.
அவர் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அது அப்பச்சி செத்த தேதி," என்றார்.
பிறகு,
"சர்க்கரை மட்டும் சரியாப் போட்டிருக்கிய."

ஓடு எண்ணும் சாக்கில் பள்ளத்தூர் போனேன்.
மத்தியானம். தெருவில் நானும் ஒரு ஆடும்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல்:
எந்த வீட்டு வாசலில் நின்றாலும்
நேர்கோட்டில் அடுத்த தெரு தெரிகிறது.
இங்கே தேக்குத் தூண், அங்கே கருங்கல்,
மூன்றாம் வீட்டு நெற்றியில்
சுதைச் சிப்பாய் இருவர், ஒருவனுக்குத் துப்பாக்கி உடைந்து.
ஒன்று மற்றதன் பிள்ளை இல்லை.
எல்லாம் வீடு,
அவரவர் மாற்றி எழுதிய வீடு.

ஆட்டிடம் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்:
வளவு வீடு ஒரு வகை வீடு.
சொல் நிற்கிறது.
தேனப்பன் ஒரு வகை வயிரவன்.
சொல் தள்ளாடுகிறது.

அன்றிரவு ஏழு தலைமுறையையும் அழித்தேன்.
ஒரே ஒரு கிளாஸ்: பங்காளி.
தகப்பன் என்பது அதற்குள் ஒரு கட்டம்,
இன்னொரு பங்காளியைச் சுட்டும் விரல்.
ஒன்பது வயதில் பிள்ளை கூட்டிப்போன கண்ணப்பனுக்கு
விரலைத் திருப்பினால் போதும்.
பழைய கோடில் அவர்
செத்துப் பிறக்க வேண்டியிருந்தது.
பங்காளிக்கு மகன் என்று எழுதிய இடத்தில் கர்சர் நின்றது.
உமையாள் என்று ஒரு பங்கு இருக்கிறது, சிங்கப்பூரில்.
மகன் என்பதை அழித்தேன்.

என் அப்பா லாரி ஓட்டியவர்.
என் பெயருக்கு முன்னால் அவருடைய எழுத்து இருக்கிறது.
நாக்பூரில் இருந்த எட்டு மாதத்தைப் பற்றி
அவர் யாரிடமும் சொன்னதில்லை.
பிரைவேட் என்று குறித்தால்
கீழே இறங்கிய கிளாசுக்குள்ளும் அது இருக்கும்,
தொட முடியாது.
இதை மட்டும் பாடத்தில் ஒரே தடவையில் புரிந்துகொண்டேன்.

புதிய திரையைத் தேனப்பனுக்கு அனுப்பினேன்.
இறந்த தேதி: காலி.
போன் வந்தது.
"சர்க்கரையையும் எடுத்துட்டியளா?"
நீங்கள்தான் நிரப்ப வேண்டும் என்றேன்.
லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போகும்வரை
அந்தப் பக்கம் பேச்சில்லை.
"அது ஒண்ணு அப்பச்சிட்டேருந்தே வரட்டும்."

ஒரு வரி சேர்த்தேன்:
நோய் காலியென்றால்
தகப்பனைக் கேள்.